கறுப்பு எண்ணெயும் கால்வாய் நீரும்

இயந்திரம் இல்லாத தோட்டம் இன்று அரிது. பால் மரம் வெட்டும் வேலை இன்னமும் கைத்திறனையே நம்பியிருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் சேர்ந்த பாலை ஆலைக்குக் கொண்டு செல்வது டிராக்டர். ஆலையில் ரப்பரைப் பிழிந்து தகடாக்குவது உருளை இயந்திரம். வரிசைகளுக்கிடையே வளரும் புல்லைச் சீவுவது தோளில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டும் இயந்திரம். மறுநடவுக் காலத்தில் முதிர்ந்த மரங்களைச் சாய்ப்பது சங்கிலி ரம்பம். விடியுமுன் நம்மை வெட்டுக்குக் கொண்டு சேர்ப்பது மோட்டார் சைக்கிள். இவை அனைத்திற்கும் பொதுவாக வேண்டப்படுவது ஒன்றுண்டு. அதுவே மசகெண்ணெய். மலாய் மொழியில் 'மின்யாக் ஹீத்தாம்' என்று வழங்குவதையொட்டி நாமும் அதனைக் கறுப்பு எண்ணெய் என்றே அழைத்துப் பழகிவிட்டோம்.

இந்த எண்ணெயை விலை கொடுத்து வாங்கும்பொழுது நாம் காட்டும் கவனத்தில் பாதியளவுகூட, வேலை முடிந்தபின் அது எங்கே போகிறது என்பதில் காட்டுவதில்லை. ஆனால் அது எங்கோ போய்த்தான் தீர வேண்டும். பெட்ரோல் எரிந்து புகையாகிவிடுகிறது. மசகெண்ணெயோ பெரும்பாலும் எரிவதில்லை. மண்ணுக்குப் போகிறது, அல்லது நீருக்குப் போகிறது, அல்லது நம் கையிலும் ஆடையிலும் ஒட்டிக்கொள்கிறது.

மசகெண்ணெய் பயன்படும் முறையை இரண்டாகப் பிரித்து அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். டிராக்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் உள்ள எண்ணெய் இயந்திரத்துக்குள்ளேயே தேங்கி நின்று சுழன்று வருகிறது. குறித்த காலத்தில் அதனை வடித்தெடுத்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுகிறோம். இது தேங்கும் எண்ணெய். சங்கிலி ரம்பத்தின் சங்கிலிக்கு விடும் எண்ணெய் அப்படியன்று. அது சங்கிலியோடு ஓடி, மரத்தூளோடு கலந்து, சுற்றிலும் சிதறிவிடுகிறது. ஒரு துளியும் திரும்பக் கிடைப்பதில்லை. புல்வெட்டும் இயந்திரத்தில் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெயும் ஓரளவு இத்தகையதே. அதன் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. இவை சிதறும் எண்ணெய்கள். தேங்கும் எண்ணெயைப் பிடித்து வைக்கலாம். சிதறும் எண்ணெயைப் பிடிக்க வழியே இல்லை. ஆகவே முன்னதற்கு வேண்டியது ஒழுங்கான சேகரிப்பு. பின்னதற்கு வேண்டியது, சிதறினாலும் கேடு செய்யாத எண்ணெய். சுற்றுச்சூழலுக்கு உகந்த மசகெண்ணெய் என்ற பேச்சு எழுந்ததே இந்தப் பின்னதன் பொருட்டுத்தான்.

வண்டி மை தொடங்கி

தாவர எண்ணெயால் இயந்திரத்தை ஓட்டுவது புதுமையன்று. நம் முன்னோர் மாட்டு வண்டியின் அச்சுக்கு இட்ட வண்டி மை, விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்துச் செய்யப்பட்டதே. மேலை நாடுகளிலும் நெடுங்காலம் தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்புமே பயன்பட்டு வந்தன. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பூமியைத் துளைத்துப் பெட்ரோலியம் எடுக்கப்பட்ட பின்னரே, அதிலிருந்து வடிக்கும் கனிம எண்ணெய் மலிவாகக் கிடைக்கலாயிற்று. அதன் பிறகும் முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பல, ஆமணக்கு எண்ணெயில்தான் ஓடின. இன்று கடைகளில் காணும் 'கேஸ்ட்ரால்' என்னும் பெயர் ஆமணக்கு எண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

கனிம எண்ணெய் மலிவானது, சூட்டைத் தாங்குவது, எளிதில் கெட்டுப் பிசினாகாதது. அது தாவர எண்ணெயை விரட்டியதில் வியப்பில்லை. ஆனால் அந்த மலிவுக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை முதலில் செலுத்தியவர்கள் நம்மைப் போன்ற தொழிலாளர்களே.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியின் பருத்தி ஆலைகளில் 'மியூல்' என்னும் நூற்பு இயந்திரங்கள் ஓடிவந்தன. நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலச் சுழல, அவற்றுக்கு விட்ட கனிம எண்ணெய் மெல்லிய தூறலாகத் தெறித்து, குனிந்து வேலை செய்த தொழிலாளர்களின் காற்சட்டையை நாள்தோறும் நனைத்தது. ஆண்டுகள் கடந்தபின் அவர்களிற் பலருக்கு இடுப்புக்குக் கீழே தோலில் புற்றுநோய் கண்டது. மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922ஆம் ஆண்டிலேயே இதனை மருத்துவ இதழில் எடுத்துரைத்தனர். அரசாங்கக் குழுவொன்று ஆராய்ந்து எண்ணெயே காரணம் என்ற முடிவுக்கும் வந்தது. ஆயினும் கதிர்களுக்கு எந்த எண்ணெயை விடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சிறப்பு விதிகள் 1953ஆம் ஆண்டில்தான் பிறந்தன. நன்கு தூய்மை செய்யப்பட்ட வெள்ளை எண்ணெய், அல்லது தாவரத்திலிருந்தோ விலங்கிலிருந்தோ பெற்ற எண்ணெய், இவற்றைத் தவிர வேறெதுவும் கூடாது என்று அவ்விதிகள் கூறின. மருத்துவர் எழுதியதற்கும் விதி பிறந்ததற்கும் இடையே 31 ஆண்டுகள். அதற்குள் அந்த இயந்திரங்களே வழக்கொழியத் தொடங்கிவிட்டன.

தூய்மை செய்யப்படாத, அல்லது அரைகுறையாகத் தூய்மை செய்யப்பட்ட கனிம எண்ணெய் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியுள்ளது. இன்று கடையில் வாங்கும் புதிய எஞ்சின் எண்ணெய் நன்கு தூய்மை செய்யப்பட்டதாகையால் அதில் இந்த அபாயம் மிகக் குறைவு. பழைய எண்ணெயின் கதை வேறு. எஞ்சினுக்குள் சூடேறிச் சூடேறி, எரிபொருளின் புகைக்கரியும் அதனோடு பிறக்கும் நச்சுச் சேர்மங்களும், தேய்ந்த உலோகத்தின் நுண்துகள்களும் அதில் சேர்ந்துவிடுகின்றன. புதிய எண்ணெய் தேன் நிறமாக இருக்க, பழையது கரிய நிறம் கொள்வது அதனால்தான். ஆக, கறுப்பு எண்ணெய் என்னும் பெயர் பழைய எண்ணெய்க்கே முழுதும் பொருந்தும்.

இங்கே சங்கிலி ரம்பம் பிடிப்போரிடம் ஒரு சொல். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சங்கிலிக்கு ஊற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 'எப்படியும் சிதறப் போவதுதானே, காசு கொடுத்து வாங்குவானேன்?' என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நச்சேறிய எண்ணெயை நுண்துளிகளாக்கி, அதனைப் பிடித்திருப்பவரின் முகத்தருகே தெளிப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவியை யாரும் திட்டமிட்டுக்கூடச் செய்திருக்க முடியாது. அவ்வெண்ணெயிலுள்ள உலோகத்துகள் சங்கிலியையும் அதன் தகட்டையும் எண்ணெய் இறைக்கும் சிறு பம்பையும் விரைவில் தேய்த்துவிடுகிறது. மிச்சம் பிடித்த காசு ரம்பத்திலேயே போய்விடும்.

மலேரியா எண்ணெயின் நினைவு

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் கொசு சாகும் என்று தோட்டங்களில் மூத்தோர் சிலர் இன்றும் கூறுவதைக் கேட்கிறோம். இதனை வெறும் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியா எத்தனையோ உயிர்களைக் கொள்ளை கொண்டது. கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டு முதல் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து காய்ச்சலைக் கட்டுப்படுத்திக் காட்டினார். வடிகால் மட்டும் போதாத மலைப்பாங்கான இடங்களில், ஓடைகளின்மீது எண்ணெய் தெளிக்கும் முறை பின்னர் பரவலாயிற்று. வாரந்தோறும் முதுகில் கலத்தைச் சுமந்து ஓடை ஓடையாகச் சென்று எண்ணெய் தெளித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. நீரின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவ, கொசுப்புழுக்கள் மூச்சுவிட வழியின்றி மடிந்தன. அந்நாளில் அது பலரைப் பிழைக்கச் செய்த வேலை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த எண்ணெய் வேறு, இந்த எண்ணெய் வேறு. அதற்கெனக் கலந்து செய்யப்பட்ட மெல்லிய எண்ணெய் நீரின்மேல் சீராகப் பரவியது. பழைய எஞ்சின் எண்ணெய் திட்டுத் திட்டாக மிதந்து ஓரத்தில் ஒதுங்கிவிடும். மேலும், இன்று நம்மை மிரட்டுவது டிங்கி. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு கால்வாய்ச் சாக்கடையை அவ்வளவாக நாடுவதில்லை. பூச்சட்டி, பழைய டயர், மூடாத தொட்டி, மரத்தில் நிமிர்ந்தபடி விட்டுவைத்த பால் கோப்பை ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த மழைநீரிலேயே முட்டையிடுகிறது. ஆகவே கால்வாயில் எண்ணெய் ஊற்றுவதால் டிங்கி ஒழிவதில்லை. வெட்டாத மரங்களின் கோப்பைகளைக் கவிழ்த்து வைப்பதால் பயன் உண்டு.

கால்வாயில் ஊற்றிய எண்ணெய் என்ன ஆகிறது? கால்வாய் ஓடையில் சேர்கிறது. ஓடை ஆற்றில் சேர்கிறது. ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கிறோம். ஒரு கேலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நெடுங்காலமாக எடுத்துக் கூறி வருகிறது. நம் பக்கத்துக் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்ப்போம். நாற்பது மோட்டார் சைக்கிள்கள் உள்ள ஒரு குடியிருப்பில், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு நான்கு முறை, முறைக்கு 800 மில்லிலிட்டர் எண்ணெய் மாற்றப்படுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 128 லிட்டர் ஆகிறது. வீட்டு வாசலில் சிறு துளையாகத் தெரிவது, சேர்த்துப் பார்த்தால் அரைப் பீப்பாய்க்கு மேல் வந்துவிடுகிறது.

இது கற்பனைப் பயம் அன்று என்பதற்கு 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிலாங்கூரில் நிகழ்ந்ததே சான்று. ராவாங் பகுதியில் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் தொழிற்கூடக் கழிவு விடப்பட்டதால் ஏற்பட்ட மாசு சுங்கை சிலாங்கூரை எட்டியது. நீரில் நெடி கண்டதும் நான்கு நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. வாளியும் குடமுமாக மக்கள் நீர் லாரிகளின் பின்னால் வரிசையில் நின்ற காட்சியை நாடே கண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, மாணவர்களும் ஆசிரியர்களும் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஆறு என்பது எங்கோ தொலைவில் உள்ளதன்று. தோட்டத்துக் கால்வாயே ஆற்றின் தலைப்பு.

ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி வீங்கி, நெகிழ்ந்து, வலுவிழந்துவிடும். எண்ணெய் செல்லும் குழாய்களை இயற்கை ரப்பரால் செய்யாமல் வேறு வகைச் செயற்கை ரப்பரால் செய்வது இதனால்தான். எண்ணெய் பட்ட கையோடு ஒட்டுப்பாலைத் தொடுவதும், எண்ணெய்ப் பீப்பாயின் அருகே ரப்பரை அடுக்குவதும் நாமே பாடுபட்டு எடுத்த பொருளை நாமே கெடுப்பதாகும். ஆலைக் கழிவுநீர்க் குளத்திலும் இதே கதைதான். அக்குளத்தில் கழிவைத் தின்று நீரைத் தெளியச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். எண்ணெய்ப் படலம் மேலே மூடினால் அவற்றுக்குக் காற்றுப் போதாமற் போகும். ரப்பர் ஆலைகளின் கழிவுநீருக்கென்றே நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு முதல் தனி விதிமுறைகள் நடப்பில் இருந்து வருகின்றன.

உகந்த எண்ணெய் எது?

மண்ணில் விழுந்த வாழை இலை மக்கிப்போகிறது. பிளாஸ்டிக் பை மக்குவதில்லை. எண்ணெய்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. நுண்ணுயிர்கள் விரைவில் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடக்கூடிய எண்ணெயே மக்கும் எண்ணெய். தாவர எண்ணெய்களும், அவற்றிலிருந்து செய்யப்படும் எஸ்டர் என்னும் சேர்மங்களும் இவ்வகையைச் சார்ந்தவை.

மக்கும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் அல்லவா? அதற்காகவே அனைத்துலக அளவில் ஒரு சோதனை முறை வகுக்கப்பட்டிருக்கிறது. எண்ணெயை நுண்ணுயிர்கள் அடங்கிய நீரில் இட்டு 28 நாட்கள் வைத்திருப்பர். அதற்குள் குறைந்தது 60 விழுக்காடு சிதைந்திருந்தால் அது எளிதில் மக்கும் பொருள் எனக் கொள்ளப்படும். மக்கினால் மட்டும் போதாது. மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கும் நஞ்சாகாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. ஐரோப்பாவில் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த தர அளவுகோல் ஒன்று, உயிர்ம மசகெண்ணெய் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் எண்ணெயின் கரிமத்தில் நான்கில் ஒரு பங்காவது தாவரம் முதலிய உயிர்மூலங்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும் விதித்தது.

நாடுகள் பல இவ்வகை எண்ணெயை ஊக்குவிக்க விதிகள் செய்துள்ளன. காட்டு மரத்தொழிலில் முன்னிற்கும் ஆஸ்திரியா, மக்காத எண்ணெயைச் சங்கிலி ரம்பத்துக்கு விடுவதை 1990ஆம் ஆண்டு ஆணையொன்றின் வாயிலாகத் தடுத்தது. ஜெர்மனி 1978இல் தொடங்கிய 'நீலத் தேவதை' முத்திரை, பின்னர்ச் சங்கிலி எண்ணெய்க்கும் வழங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் பூ வடிவ முத்திரையை 2005ஆம் ஆண்டில் மசகெண்ணெய்களுக்கும் விரித்தது. அமெரிக்காவோ கப்பல்களைக் குறி வைத்தது. எண்ணெயும் கடல்நீரும் சந்திக்கும் இயந்திரப் பகுதிகளில் பெரிய வணிகக் கப்பல்கள் சுற்றுச்சூழலுக்கு உகந்த எண்ணெயையே பயன்படுத்த வேண்டும் என்று அது 2013ஆம் ஆண்டு அனுமதி விதிகளில் கட்டாயமாக்கியது. இவை அனைத்தையும் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். எல்லா எண்ணெயையும் மாற்று என்று யாரும் கூறவில்லை. சிதறும் இடத்தில், நீரைத் தொடும் இடத்தில் மாற்று என்றே கூறினர்.

நம் நாட்டுக்கு இதில் தனி வாய்ப்பு உண்டு. செம்பனை எண்ணெய் இங்கே பெருகி விளைகிறது. மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் செம்பனை எண்ணெயிலிருந்து எஸ்டர் வகை மசகெண்ணெய்களை உருவாக்கி ஆராய்ந்து வந்துள்ளனர். ரப்பர் மரத்தை வெட்டும் ரம்பத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் துணைபுரிவது பொருத்தமானதே.

அதற்காகச் சமையலறை எண்ணெயை எடுத்து இயந்திரத்தில் ஊற்றிவிடலாகாது. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்குவம் செய்யப்படாத தாவர எண்ணெய் காற்றுப் பட்டுச் சூடேறினால் தடித்துப் பிசினாகிவிடும். வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்த ரம்பத்தின் சங்கிலி இறுகிப்போவதும், எண்ணெய்த் துளை அடைபடுவதும் இதனால் நேரும். எஞ்சினுக்குள் ஊற்றினாலோ எஞ்சினே பாழாகும். கடையில் விற்கும் மக்கும் சங்கிலி எண்ணெயில் இக்குறையைத் தடுக்கும் சேர்ப்புப் பொருள்கள் உள்ளன. அப்படியிருந்தும், நெடுநாள் ஓய்வுக்கு வைக்குமுன் சங்கிலியைக் கழற்றித் துடைத்து வைப்பது நலம்.

டிராக்டரின் தூக்கு இயந்திரம் போன்றவற்றில் மக்கும் எண்ணெய்க்கு மாறுவதானால், பழைய கனிம எண்ணெயை முற்றாக வடித்துக் கழுவிய பின்னரே மாற்ற வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டின் குணமும் கெடும். எஸ்டர் எண்ணெய்க்குள் நீர் புகுந்தால் அது சிதையத் தொடங்கும். நம் நாட்டு மழையையும் ஈரக்காற்றையும் எண்ணிப் பார்த்தால், பீப்பாயின் மூடி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். இவை யாவும் பட்டறைப் பொறுப்பாளர் இயந்திரக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. விலையும் கூடுதல்தான், கனிம எண்ணெயைப் போல் இரு மடங்குக்கு மேல் ஆவதும் உண்டு. எனவே எல்லாவற்றுக்கும் வாங்க இயலாத தோட்டம், முதலில் சங்கிலி எண்ணெயை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை என்பது நம் கருத்து. ஒரு ரம்பத்தில் கால் லிட்டர் எண்ணெய் கொள்ளும் என்றும், அதனை ஒரு நாளில் எட்டு முறை நிரப்புகிறோம் என்றும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 2 லிட்டர் எண்ணெய் அந்த மண்ணில்தான் இறங்குகிறது. அதே மண்ணில்தான் அடுத்த மாதம் இளங்கன்று நடப்போகிறோம்.

விதிகள் கூறுவது

புதிய எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் நம் நாட்டு விதி நமக்கு விருப்பம் விட்டிருக்கிறது. பழைய எண்ணெயை அகற்றுவதில் விருப்பத்துக்கு இடமில்லை. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2005ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த அட்டவணைக் கழிவுகள் விதிமுறைகள் பழைய மசகெண்ணெயை 305 என்ற எண்ணிலும், பழைய ஹைட்ராலிக் எண்ணெயை 306 என்ற எண்ணிலும் அட்டவணையில் சேர்த்துள்ளன. எண்ணெய் ஊறிய துணி, வடிகட்டி முதலியவற்றுக்கும், எண்ணெய் பட்ட காலிக் கலங்களுக்கும்கூடத் தனித்தனி எண் உண்டு. ஆக, எண்ணெய் துடைத்த கந்தலைக் குப்பையில் எறிவதும் விதிக்குப் புறம்பே.

இவ்விதிகளின்படி, கழிவு உண்டாகும் இடத்தின் பொறுப்பாளர் அதனை 30 நாட்களுக்குள் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவிக்க வேண்டும். கசியாத, துருவேறாத கலத்தில் இட்டு, கழிவு முதன்முதல் சேர்ந்த நாளையும் இடத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் கலத்தின்மேல் எழுதி ஒட்ட வேண்டும். 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்குள்ளும் 20 டன்னைத் தாண்டக் கூடாது. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். உரிமம் பெற்ற ஆலைகளுக்குச் செல்லும் பழைய எண்ணெய் வீணாவதில்லை. அதனை மீண்டும் தூய்மை செய்து அடிப்படை எண்ணெயாகவோ எரிபொருளாகவோ ஆக்குகின்றனர்.

இங்கே பலர் தவறாக எண்ணும் ஒன்று உண்டு. மக்கும் எண்ணெய்தானே என்று, பயன்படுத்திய பின் அதனைத் தரையில் ஊற்றிவிடலாம் என நினைக்கின்றனர். இயந்திரத்துக்குள் சென்று வந்த எண்ணெயில் உலோகமும் கரியும் கலந்துவிட்டன. ஆமணக்கில் பிறந்தாலும் பெட்ரோலியத்தில் பிறந்தாலும் அதற்கும் போகுமிடம் அதே பீப்பாய்தான்.

பழைய எண்ணெயை ஊற்றிக் குப்பையையோ மரவேரையோ கொளுத்துவதும் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கும் சட்டப்பிரிவின் கீழ் குற்றமாகும். 2024ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் சுற்றுச்சூழல் குற்றங்களுக்கான தண்டனைகளை வெகுவாக உயர்த்தி, கடுமையான குற்றங்களுக்கு அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை எட்டக்கூடும்படி செய்துள்ளது.

இவற்றிற் பெரும்பாலானவை நிர்வாகத்தின் கடமைகள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். தொழிலாளிக்கு இதில் கடமையோடு உரிமையும் உண்டு. ஆபத்து விளைவிக்கும் இரசாயனப் பொருளின் கலத்தில் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கைச் சீட்டு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. அப்பொருளின் பாதுகாப்புக் குறிப்பேட்டையும் தருமாறு கேட்கலாம். படிக்க இயலாதவர், படித்துச் சொல்லும்படி மண்டோரையோ கிராணியையோ கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் உள்ள இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் தொழிலாளிக்கு வழங்கியுள்ளது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பட்டறை ஓரத்தில், மழை படாத கூரையின் கீழ், சிமெண்டுத் தரையில், சுற்றிலும் சிறு தடுப்புச் சுவரோடு ஒரு பீப்பாய் இருந்தால் போதும். அதன் வாயில் புனல் ஒன்று. அருகே எண்ணெய்த் துணிகளுக்கு மூடியுள்ள தகரம் ஒன்று. சிந்தினால் தூவுவதற்கு மரத்தூள் ஒரு வாளி. அந்த மரத்தூளையும் அதே தகரத்தில்தான் சேர்க்க வேண்டும். நீரை விட்டுக் கழுவினால் எண்ணெய் கால்வாய்க்கே போய்ச் சேரும். பிரேக் எண்ணெய், களைக்கொல்லி மிச்சம், பெட்ரோல், நீர் எதுவும் அந்தப் பீப்பாயில் விழலாகாது. கலப்படமான எண்ணெயை மீட்டெடுப்பது அரிதாகையால் வாங்குவோரும் மறுப்பர்.

வீட்டில் மோட்டார் சைக்கிள் எண்ணெய் மாற்றுவோர் அதனைப் பழைய எண்ணெய்ப் புட்டியிலேயே ஊற்றி மூடி, எண்ணெய் வாங்கிய பட்டறையில் கொடுத்துவிடலாம். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டன்று. குடியிருப்பிலுள்ள இளைஞர்கள் கூடி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டால், தோட்டப் பட்டறையின் பீப்பாயிலேயே சேர்க்க இடம் கிடைக்கவும் கூடும். தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் பேசத் தகுந்த பொருள் இது.

எண்ணெய் மாற்றும்போது உட்புறம் எண்ணெய் புகாத கையுறை அணிவது நல்லது. எண்ணெய் பட்ட துணியைச் சட்டைப் பையிலோ காற்சட்டைப் பையிலோ செருகி வைக்கும் பழக்கத்தை விட வேண்டும்; லங்காஷயர்த் தொழிலாளரின் தோலைத் தொட்டதும் அப்படி நனைந்த துணியே. கையில் பட்டதைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவுவோர் உண்டு. அவை தோலின் இயற்கையான நெய்ப்பசையை நீக்கி, நஞ்சு உட்புக வழி செய்துவிடும். சிறிது சமையல் எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் கருமை தானாகவே போய்விடும். வேலை உடையை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊற வைக்காமல் தனியே துவைக்க வேண்டும்.